சனிக்கிழமை 11:30: எஸ்என்எல் மாறியதும் மாறாததும்

‘முன்னே மாதிரி இல்லை’ என்ற புலம்பல், அமெரிக்காவின் என்பிசி சேனலில் வரும் ‘சாட்டர்டே நைட் லைவ்’ (சுருக்கமாக எஸ்என்எல்) என்ற நகைச்சுவை நிகழ்ச்சியை ஆரம்பத்திலிருந்தே துரத்திக்கொண்டிருக்கிறது. புலம்புகிறவர்கள் பெரும்பாலும் நடிகர்களைத்தான் குறை சொல்வார்கள். ஜான் பெலூஷி மாதிரி வருமா, வில் ஃபெரல் மாதிரி வருமா என்பார்கள். நடிகர்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வாரத்தில் அந்த நிகழ்ச்சி எப்படித் தயாராகிறது, தயாரானது எந்த வழியாக நம்மிடம் வந்து சேர்கிறது என்று பார்த்தால் வேறு காரணங்கள் கண்ணில் படும். தயாரிக்கும் முறை அநேகமாக அப்படியே இருக்கிறது. பார்க்கும் முறைதான் மாறிக்கொண்டே வந்தது. அது மாறும்போதெல்லாம் ஸ்கெட்ச் எனப்படும் குட்டி நகைச்சுவை நாடகத்தின் வடிவமும் வளைந்து கொடுத்திருக்கிறது.

முதலில் மாறாததைப் பார்த்துவிடலாம். நியூயார்க்கில் 30 ராக்ஃபெல்லர் பிளாசா, எட்டாவது மாடி, ஸ்டுடியோ 8எச். 1930-களில் இசை நடத்துநர் டோஸ்கனினியின் என்பிசி சிம்ஃபனி இசைக்குழு வாசித்த வானொலிக் கூடம் அது. அக்டோபர் 11, 1975 முதல் இந்த நிகழ்ச்சிக்கு அதுதான் வீடு. வாரம் திங்கள் மாலை தொடங்கும். தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸின் அறையில் அந்த வார ஹோஸ்ட், அதாவது நிகழ்ச்சியை நடத்த வரும் பிரபலம், உட்கார்ந்திருப்பார், எழுத்தாளர்களும் நடிகர்களும் தரையில் கிடைத்த இடத்தில் நெருக்கி உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றிரண்டு யோசனை சொல்வார்கள். அதில் பாதி எழுதுவதற்கே இல்லை, ஹோஸ்ட்டைக் கொஞ்சம் இளக வைப்பதற்கு. செவ்வாய் இரவு முழுக்க எழுத்து, விடியும்வரை போகும். புதன் பிற்பகல் டேபிள் ரீட். ஏறக்குறைய 40 ஸ்கெட்ச்சுகளை ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் படிப்பார்கள். படித்து முடித்ததும் லோர்ன், தலைமை எழுத்தாளர்கள், ஹோஸ்ட் ஆகியோர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு டஜன் போல எடுத்துக்கொள்வார்கள்.

அந்தக் கதவு திறந்த நிமிடத்திலிருந்து செட் போடும் வேலை ஓடத் தொடங்கும். அன்று இரவே வரைபடம், மறுநாள் புரூக்ளின் பட்டறையில் தச்சு வேலை, பிறகு லாரியில் ஏற்றி ஸ்டுடியோவுக்கு. எழுதியவரே தன் ஸ்கெட்ச்சுக்குப் பொறுப்பாளி. சோபா என்ன நிறம், விக் எவ்வளவு நீளம், கேமரா எப்போது கிட்டே வர வேண்டும் என்று அவர்தான் ஒவ்வொரு துறையாகப் போய்ச் சொல்ல வேண்டும். இங்கே கோட்டை விட்டால் நல்ல எழுத்தும் மேடையில் சாகும். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு டிரெஸ் ரிகர்சல், வேஷத்தோடு முழு ஒத்திகை. அதற்கென்று தனிப் பார்வையாளர்கள் வருவார்கள், நேரம் இரண்டு மணி போல ஓடும். பத்து மணிக்கு மேல் மறுபடியும் லோர்ன் அறை. ஸ்கெட்ச்சுக்கு ஒன்றாகப் பலகையில் குத்தியிருக்கும் அட்டைகளில் மூன்று நான்கு கீழே இறங்கும். சிரிப்பு வராததும் இறங்கும், செட் மாற்ற நேரம் போதாததும் இறங்கும். 11:30-க்கு நேரலை. நிகழ்ச்சி தயாராகிவிட்டதால் ஒளிபரப்பாவதில்லை, மணி பதினொன்றரை ஆகிவிட்டதால் ஒளிபரப்பாகிறது என்று லோர்ன் சொல்வது ரொம்பப் பிரபலம்.

இதில் கூர்ந்து பார்க்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு: க்யூ கார்டு. செய்தி வாசிப்பவர்களுக்கு இருப்பது போன்ற டெலிப்ராம்ப்டர் இல்லை. பெரிய வெள்ளை அட்டைகளில் தடித்த மார்க்கரால் கையால் எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிறம். டிரெஸ் முடிந்து ஒளிபரப்புக்குள் வசனம் மாறினால், மாறிய வரியின் மேல் வெள்ளை ஒட்டித் திருத்தி எழுதுவார்கள். ஸ்கெட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதுகூடக் கடைசி அட்டைகளைத் தூக்கி எறிந்து நேரத்தை மிச்சம் பிடிக்கலாம். நடிகர்கள் எதிரே நிற்கிறவரின் கண்ணைப் பார்க்காமல் காதுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பார்ப்பது இதனால்தான். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது மோசமான நடிப்பாகத் தெரியும். எழுதி நான்கு நாள் ஆன வசனம், கடைசியாகத் திருத்தி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மனப்பாடம் செய்தால்தான் ஆபத்து, பழைய வரி வாயில் வந்துவிடும்.

இனி மாறியதற்கு வரலாம். முதல் நிகழ்ச்சியை இன்று போட்டுப் பார்த்தால் இது ஸ்கெட்ச் நிகழ்ச்சியா என்றே சந்தேகம் வரும். பெயரும் வேறு. போட்டிச் சேனலான ஏபிசி-யில் ஹவர்ட் கோசெல் நடத்திய ஒரு நிகழ்ச்சி ‘சாட்டர்டே நைட் லைவ்’ பெயரை வைத்திருந்ததால், இது 1977 வரை ‘என்பிசி'ஸ் சாட்டர்டே நைட்’. ஹோஸ்ட் ஜார்ஜ் கார்லின் ஒரு ஸ்கெட்ச்சிலும் நடிக்கவில்லை, இடையிடையே வந்து தன் ஸ்டாண்ட்-அப்பைச் செய்துவிட்டுப் போனார். பில்லி பிரஸ்டனும் ஜானிஸ் இயனும் ஆளுக்கு இரண்டு பாட்டு. ஆண்டி காஃப்மன் ஒரு கிராமபோன் பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா நின்று, பாட்டில் ஒரு வரிக்கு மட்டும் கம்பீரமாக வாயசைத்தார். ஜிம் ஹென்சனின் பொம்மைகளும் இருந்தன. தொடக்கக் காட்சியில் ஆங்கிலம் கற்றுக்கொள்ள வந்தவராக பெலூஷி, ஆசிரியர் சொல்லும் அபத்த வாக்கியங்களை அப்படியே திருப்பிச் சொல்வார். ஆசிரியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து சாக, மாணவரும் அதையும் பாடமென்று நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார். உடனே ஹெட்செட் மாட்டிய செவி சேஸ் எட்டிப் பார்த்து, இன்றுவரை ஓடும் அந்தத் தொடக்க வரியைச் சொல்வார்: ‘லைவ் ஃப்ரம் நியூயார்க், இட்ஸ் சாட்டர்டே நைட்!’ குட்டியான காட்சி, அரசியல் கிடையாது, விளக்கமும் கிடையாது. இன்றைய தொடக்கக் காட்சிகளோடு ஒப்பிட்டால் அதன் சிக்கனம் பொறாமைப்பட வைக்கிறது.

இரண்டாவது வாரம் பால் சைமன் வந்தபோது அநேகமாகப் பாட்டுக் கச்சேரிதான். நவம்பர் 8, 1975-ல் கேண்டிஸ் பெர்கன் ஹோஸ்ட்டாக வந்து குழுவோடு சேர்ந்து நடித்தபோதுதான் இன்று நாம் பார்க்கும் அமைப்பு உருவானது: ஹோஸ்ட் மோனோலாக் (தனியாக நின்று பேசும் தொடக்கப் பேச்சு) சொல்வார், பிறகு வேஷம் கட்டிக்கொண்டு ஸ்கெட்ச்சுக்குள் போவார். ஏழு பேர் கொண்ட குழு முதலில் இடைவெளி நிரப்ப வந்தது, சில வாரங்களிலேயே அதுவே நிகழ்ச்சி ஆகிவிட்டது.

அதன்பின் ஆட்களை மாற்றுவது. ஐம்பது ஆண்டு வரலாற்றில் தெளிவாகப் படிக்கக்கூடிய விஷயம் இதுதான் என்பது என் கணிப்பு. 1980-ல் லோர்ன் விலகினார். கூடவே நடிகர்கள் எல்லோரும், எழுத்தாளர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் போனார்கள். ஜீன் டூமேனியன் பொறுப்பேற்று மொத்தக் குழுவையும் புதிதாக எடுத்தார். நவம்பரில் தொடங்கி 12 நிகழ்ச்சிகள்தான் ஓடின. பிப்ரவரி 1981-ல் சார்ல்ஸ் ராக்கெட் நேரலையில் கெட்ட வார்த்தை சொன்னதும், கொஞ்ச நாளில் டூமேனியனை நீக்கியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்த வார்த்தையால் நிகழ்ச்சி கெடவில்லை, அதற்கு முன்பே கெட்டிருந்தது. டேபிள் ரீடில் எது தேறும், டிரெஸ்ஸில் விழுந்ததை ஒரு மணி நேரத்தில் எப்படி நிமிர்த்துவது, அட்டையைப் பார்த்துக்கொண்டே பார்க்காத மாதிரி எப்படி நடிப்பது என்பதையெல்லாம் எழுதி வைத்த கையேடு எதுவும் இல்லை. பழையவர்களைப் பார்த்துத்தான் புதியவர்கள் கற்க முடியும். அந்தக் கட்டடத்தில் அன்று பழையவர்கள் இல்லை. டூமேனியன் எடுத்த நடிகர்களில் அடுத்த சீசனுக்கு எஞ்சியவர்கள் இருவர்தான்: ஜோ பிஸ்கோப்போ, எட்டி மர்பி. மர்பி சேர்ந்தபோது வயது 19, முழு நடிகராகக்கூடச் சேர்க்கப்படவில்லை.

அடுத்துப் பொறுப்பேற்ற டிக் எபர்சால் அந்த மர்பியை வைத்தே நிகழ்ச்சியை மீட்டார். மர்பி போனதும் 1984-ல் பில்லி கிரிஸ்டல், மார்ட்டின் ஷார்ட், கிறிஸ்டஃபர் கெஸ்ட் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவர்களை இறக்கினார். சீசன் நன்றாகவே இருந்தது. முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள், கற்றுக்கொள்ள அருகில் ஒருவரும் இருக்கவில்லை. 1985-ல் லோர்ன் திரும்பி வந்து மறுபடியும் மொத்தமாகப் புதுக் குழு போட்டார். ராபர்ட் டவுனி ஜூனியர், ஜோன் கியூசாக் எல்லாம் அதில் இருந்தார்கள். திறமைக்கு என்ன குறை? ஆனாலும் நிகழ்ச்சி ரத்தாகும் விளிம்புவரை போனது. சீசன் கடைசியில் குழு இருந்த அறைக்குத் தீ வைப்பதுபோல் ஒரு காட்சி எடுத்தார்கள், லோர்ன் காப்பாற்றி வெளியே கூட்டி வருவது ஜான் லோவிட்ஸ் ஒருவரை மட்டும்.

1986-ல்தான் அவருக்குச் சூத்திரம் பிடிபட்டது. லோவிட்ஸ், நோரா டன், டென்னிஸ் மில்லர் ஆகியோரை வைத்துக்கொண்டு, ஃபில் ஹார்ட்மன், டேனா கார்வி, ஜேன் ஹுக்ஸ், கெவின் நீலன், விக்டோரியா ஜாக்சன் என்று புதியவர்களைச் சேர்த்தார். 1995-ல் விமரிசகர்கள் கிழித்தெடுத்த சீசனுக்குப் பிறகும் இதே கதைதான்: நார்ம் மெக்டொனால்ட், டேவிட் ஸ்பேட், டிம் மெடோஸ், மாலி ஷானன் தொடர, வில் ஃபெரல், ஷெரி ஓட்டெரி, டாரல் ஹாமண்ட் உள்ளே வந்தார்கள். 2013-ல் பில் ஹேடர், ஜேசன் சுடெய்கிஸ், ஃப்ரெட் ஆர்மிசன் மூவரும் ஒரே நேரத்தில் போனபோது ஒரே மூச்சில் ஆறு பேரை எடுத்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு நடிகர்களாக எஞ்சியவர்கள் பெக் பென்னட்டும் கைல் மூனியும்தான். இருக்கிற ஒளிபரப்பு நேரத்தை அத்தனை புதியவர்களுக்கு ஒரே சமயத்தில் பங்கிட முடியாது. 2003-லிருந்து நடித்துக்கொண்டிருக்கும் கீனன் தாம்சனை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் அவர் நிற்கும் ஸ்கெட்ச்சுகளைக் கவனிக்கலாம். கேம் ஷோ நடத்துபவர், நீதிபதி, விருந்து வைக்கிற அப்பா என்று நடுவில் நின்று மற்றவர்களுக்கு நேரம் கட்டிக் கொடுக்கிற வேலை. புதியவர் தடுமாறினால் ஒரு முழியில் சிரிப்பை வாங்கி ஸ்கெட்ச்சைத் தூக்கி நிறுத்துவார்.

ஒரே பாத்திரம் திரும்பத் திரும்ப வரும் பழக்கத்துக்கு வருவோம். 1980-களின் கடைசியிலும் 90-களிலும் இது உச்சத்தில் இருந்தது. செவ்வாய் இரவு இரண்டு மணிக்கு வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருக்கும் எழுத்தாளருக்குத் தெரிந்த பாத்திரம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. செட் கிடங்கில் இருக்கிறது, விக் இருக்கிறது, இவர் யார் என்று விளக்கச் செலவாகும் முதல் நிமிடம் மிச்சம். நுழையும்போதே கைதட்டல் வேறு. அன்றைய பார்வையாளருக்கும் அது தேவையாக இருந்தது. வீடியோவில் பதிந்து வைக்காவிட்டால், பிடித்த ஸ்கெட்ச்சை மறுபடி பார்க்க மறுஒளிபரப்புக்காகக் காத்திருக்க வேண்டும். பாத்திரம் திரும்ப வந்தால் கொண்டாட்டம். 1992-ல் ‘வேய்ன்ஸ் வேர்ல்ட்’ ஸ்கெட்ச் சினிமாப் படமாகி ஓடியதும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு படம் என்கிற ஆசை பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடப் பாத்திரத்தை ஒன்றரை மணி நேரம் இழுத்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் வந்த பல படங்கள் காட்டின. மூன்றாம் முறைக்கு மேல் ஸ்கெட்ச்சிலேயே அது நடக்கும்: நகைச்சுவை அதே, எதிரே இருக்கிற விருந்தாளி மட்டும் வேறு.

இந்தப் பழக்கத்தை உடைத்தது யூடியூப். டிசம்பர் 17, 2005 அன்று ஆண்டி சாம்பர்க்கும் கிறிஸ் பார்னலும் நடித்த ‘லேஸி சண்டே’ என்ற ராப் வீடியோ ஒளிபரப்பானது. கப்கேக் வாங்கிக்கொண்டு மேட்னி ஷோ போகும் இரண்டு பேரைப் பற்றிய, மூன்று நிமிடத்துக்கும் குறைவான படம். பிறந்து ஒரு வருடம்கூட ஆகாத யூடியூபில் யாரோ ஏற்ற, அது பரவியது. 2006 பிப்ரவரியில் என்பிசி அதை எடுக்கச் சொன்னது! படமாக எடுத்துப் போடுவது புதுசில்லை. முதல் சீசனிலேயே ஆல்பர்ட் புரூக்ஸ் குறும்படங்கள் அனுப்பினார், 1996 முதல் ராபர்ட் ஸ்மைகலின் கார்ட்டூன்கள் வந்தன. அவை வெளியிலிருந்து வந்த துண்டுகள். சாம்பர்க்கும் நண்பர்களும் குழுவுக்குள்ளேயே உட்கார்ந்து, சாதாரண டிஜிட்டல் கேமராவில் அந்த வாரமே எடுத்து, சனிக்கிழமைக்குள் வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். அந்த வழி நிலைத்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று படங்கள்கூட உண்டு. வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு, சனிக்கிழமை முழுக்க எடிட்டிங். ஒளிபரப்பு தொடங்கிய பிறகும் எடிட் ஓடிக்கொண்டிருப்பது உண்டு.

திரையில் தெரியாத நன்மையும் இதில் இருக்கிறது. படம் ஓடும் மூன்று நிமிடமும் ஸ்டுடியோ தளம் காலியாகக் கிடைக்கும். ஆணி அடிக்கலாம், சோபா தள்ளலாம், நடிகர் ஓடிப்போய் விக் மாற்றலாம். முன்பு இதற்கு விளம்பர இடைவேளையை நம்ப வேண்டியிருந்தது. 2016-ல் என்பிசி விளம்பர நேரத்தைக் குறைத்தபோது இந்தப் படங்கள் இன்னும் அவசியமாயின. கெடுதலும் உண்டு. படத்தில் வெட்டிச் சேர்த்து வேகம் கூட்டலாம், நெருக்கக் காட்சி வைக்கலாம். பக்கத்திலேயே வரும் மேடை ஸ்கெட்ச் மந்தமாகத் தெரிகிறது. நல்ல யோசனைகளும் படத்துக்கே போகின்றன. மேடை ஸ்கெட்ச்சுகளோ தனித்தனித் துண்டாக யூடியூபில் ஏறுவதற்கு ஏற்றபடி நான்கைந்து நிமிடத்தில், முதல் முப்பது வினாடியில் விஷயத்தைச் சொல்லிவிடும்படி எழுதப்படுகின்றன. மெதுவாகச் சூடேறும் ஸ்கெட்ச்சுக்கு மிஞ்சியிருப்பது நிகழ்ச்சியின் கடைசி இடம். மணி பன்னிரண்டு ஐம்பதுக்கு வருவதால் ‘டென் டு ஒன்’ என்று பெயர். விசித்திரமான எழுத்தெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். நேரம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். வெட்டுப்பட்டவை இப்போது யூடியூபில் தனியாக வருகின்றன, சில சமயம் ஒளிபரப்பானவற்றை விட நன்றாக இருக்கும். மறுஒளிபரப்பில், நேரலையில் சொதப்பியதற்குப் பதிலாக டிரெஸ் ரிகர்சல் பதிப்பைச் செருகுவதும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு மணி நேரத்தில் எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்பது பாடமே நடத்திவிடும்.

மேடையில் சிரித்துவிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடிகர் ஸ்கெட்ச்சுக்குள் சிரித்தால் அது தவறு என்பதுதான் பழைய ஒழுக்கம். நடிகர் ஜிம்மி ஃபாலன் காலத்தில் அது தளர்ந்தது. துண்டு வீடியோ காலத்தில் அதுவே சரக்கு ஆகிவிட்டது. ஸ்டெஃபான் என்ற பாத்திரத்தில் பில் ஹேடர் முகத்தைக் கையால் பொத்திக்கொள்வாரே, அதற்குக் காரணம் க்யூ கார்டு. டிரெஸ் முடிந்த பிறகு எழுத்தாளர் ஜான் முலேனி சில வரிகளை மாற்றி எழுதிவிடுவார், ஹேடர் அதை முதன்முதலாகப் படிப்பது நேரலையில். அங்கே சிரிப்புக்கு உண்மையான காரணம் இருந்தது. ஏப்ரல் 2024-ல் ரையன் காஸ்லிங் வந்த, ‘பீவிஸ் அண்ட் பட்ஹெட்’ என்ற கார்ட்டூன் பாத்திரங்களை வைத்த ஸ்கெட்ச்சில் ஹைடி கார்ட்னர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் போனதும் அந்த ரகம்தான், பல வருடம் காத்திருந்து மேடையேறிய ஸ்கெட்ச் அது. எதிர்பார்த்துச் சிரிக்கிற மற்ற பல சிரிப்புகள் சலிப்பூட்டுகின்றன.

அரசியல் நையாண்டி வந்த வழி இன்னும் வேடிக்கை. செவி சேஸ் 1975-ல் ஜனாதிபதி ஃபோர்டாக வந்தபோது ஒப்பனை கிடையாது, குரல் மாற்றம் கிடையாது. தடுக்கி விழுவார், அவ்வளவுதான். கார்வியின் புஷ், ஹாமண்டின் கிளின்டன் எனப் பிறகு குரலும் சைகையும் வந்தன. செப்டம்பர் 2008-ல், ஏற்கெனவே குழுவை விட்டுப் போயிருந்த டினா ஃபே, துணை ஜனாதிபதி வேட்பாளர் சாரா பேலினாக வந்தார். முகச்சாயல் அப்படியே பொருந்தியதால் அழைத்தார்கள், நிகழ்ச்சியைப் பற்றி நாடே பேசியது. அதிலிருந்து கற்ற பாடம் தவறான பாடம் என்று தோன்றுகிறது. 2016-லிருந்து டிரம்ப்பாக அலெக் பால்ட்வின், வெள்ளை மாளிகைப் பத்திரிகைச் செயலர் ஷான் ஸ்பைசராக மெலிஸா மெக்கார்த்தி என்று தொடக்கக் காட்சி வெளிநட்சத்திரங்களின் அணிவகுப்பானது. மெக்கார்த்தியின் முதல் வருகை அபாரம், மறுப்பதற்கில்லை. ஆனால் நுழைகிறவருக்குக் கைதட்ட இடம் விட்டு இடம் விட்டே எழுத்து நீண்டது. வாரத்தின் செய்தியை ஒப்பித்துவிட்டுப் போகும் காட்சிகள் பெருகின. குழுவிலேயே இருந்தவர்களுக்குப் பெரிய வேஷம் கிடைக்கவில்லை. 2021-ல் சேர்ந்த ஜேம்ஸ் ஆஸ்டின் ஜான்சனிடம் டிரம்ப் வேஷம் போனபின் நிலைமை தேறியது. அவர் செய்வது டிரம்ப் பேச்சு எப்படித் தடம் மாறி எங்கெங்கோ அலைகிறது என்பதை. ஒப்பனையைக் கழற்றினாலும் அது நிற்கும்.

மோனோலாகிலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. நடிகர் ஹோஸ்ட்டாக வந்தால் பாட்டோ, பார்வையாளர் கேள்வியோ வைத்து ஒப்பேற்றுவார்கள். ஸ்டாண்ட்-அப் கலைஞர் வந்தால் மேடையை முழுசாக விட்டுவிடுவார்கள். தமிழ்நாட்டுத் தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் வந்த அஸீஸ் அன்ஸாரி ஜனவரி 21, 2017 அன்று, அதாவது டிரம்ப் பதவியேற்ற மறுநாள், ஹோஸ்ட்டாக வந்து பேசிய நீண்ட மோனோலாக் அந்த வகையில் எடுத்துப் பார்க்க வேண்டியது. தெற்காசிய வம்சாவளியில் ஒருவர் அங்கே ஹோஸ்ட்டாக நின்றது அதுவே முதல் முறை.

அதே 2017 ஏப்ரலில் சத்தமில்லாமல் ஒரு மாற்றம் நடந்தது. அதுவரை மேற்குக் கரையில் மூன்று மணி நேரம் தள்ளிப் பதிவாகத்தான் ஓடும். அதற்குள் இணையத்தில் எல்லாம் வெளியாகிவிடுவதால், கண்டம் முழுக்க ஒரே நேரத்தில் நேரலை ஆக்கினார்கள். கலிஃபோர்னியாவில் அது இரவு 8:30. நம் கணக்கில் ஞாயிறு காலை 9, அவர்கள் கடிகாரத்தைத் திருப்பும் குளிர்காலத்தில் 10.

பார்வையாளர் இல்லாமல் இதெல்லாம் நிற்குமா என்பதற்கு 2020 வசந்தத்தில் சோதனை நடந்தது. ஊரடங்கில் வீட்டிலிருந்தே மூன்று நிகழ்ச்சிகள் செய்தார்கள், முதலாவது டாம் ஹேங்க்ஸோடு ஏப்ரல் 11 அன்று. படம் எடுக்கத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். கைல் மூனியும் பெக் பென்னட்டும் செய்தவை இன்றும் பார்க்கலாம். சிரிப்புக்கு இடம் விட்டுப் பேசிப் பழகியவர்களோ அந்த இடைவெளியை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார்கள். ‘வீக்கெண்ட் அப்டேட்’ செய்தி மேசை ஜோக்குக்கு எதிரொலி இல்லாதபோது அடுத்த ஜோக்கை எப்போது தொடங்குவது என்பதே பிரச்சினையானது.

2025 பிப்ரவரியில் ஐம்பதாம் ஆண்டு விழா முடிந்தது. 1944-ல் பிறந்த லோர்ன் மைக்கேல்ஸ்தான் இன்னும் அந்த அட்டைப் பலகை முன்னால் நிற்கிறார். நடிகரும் எழுத்தாளரும் இயக்குநரும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிய நிகழ்ச்சியில், 1985-க்குப் பிறகு மாறாத பதவி அது ஒன்றுதான். அவருக்கு அடுத்து யார் என்ற பேச்சு வரும்போதெல்லாம் டினா ஃபே, செத் மையர்ஸ் என்று முன்பு குழுவில் இருந்தவர்களின் பெயர்கள் அடிபடும். யார் வந்தாலும், டிரெஸ் ரிகர்சலுக்குப் பின் அந்த அறையில் உட்கார்ந்து எந்த அட்டையை இறக்குவது என்று ஒரு சீசனாவது அவருக்குப் பக்கத்தில் இருந்து பழகியிருக்க வேண்டும். 1980-ல் அதற்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை.